அடக்கும் அணுக்களின் சஞ்சாரம்

கொல்லிமலையில், பெரக்கரை நாடு முதலான மலைநாடுகளின் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் பயிரிட்டு, தாழ்ந்த ஓடைக்கரைகளில் நெல் நட்டு, வெறுங்காலோடு மண்ணிலும் சேற்றிலும் நின்று பாடுபடுகிற மக்களுக்கு, பாதத்தில் முள் தைத்துச் சீழ் வைத்துவிட்டால் இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் ஒரு கட்டி புடைத்து நோவெடுக்கும் என்பது சொல்லித் தெரியவேண்டிய விஷயமன்று. 'நெறி கட்டியிருக்கிறது' என்று வீட்டிலுள்ள முதியவள் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் கூறிவிடுவாள். புண் இருப்பது பாதத்திலே. வீக்கம் தோன்றுவதோ இரண்டு முழத்துக்கு அப்பால். இந்தத் தூரத்தைக் கடந்து செய்தி எவ்வாறு சென்றது, அதன்பேரில் அங்கே திரண்ட அணுக்கள் எவை, திரண்டவற்றை மீண்டும் கலைந்துபோகச் செய்வது எது என்னும் மூன்று கேள்விகளுள், முதல் இரண்டுக்கும் சென்ற நூற்றாண்டின் அறுபதுகளுக்குள் ஒருவாறு விடை கிடைத்துவிட்டது. மூன்றாவதற்கு விடை காண மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த விடைக்காகவே 2025ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சிக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

சரீரத்தின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்களிலிருந்து ஓயாமல் கசிகிற நீர், திசுக்களின் இடைவெளிகளை நனைத்து, அங்கே நுழைந்துவிட்ட கிருமிகளையும் அவற்றின் துணுக்குகளையும் ஏந்திக்கொண்டு, நிணநீர் என்னும் பெயரோடு தனிக் குழாய்களில் புகுந்து, இறுதியில் கழுத்தடியிலுள்ள பெருஞ்சிரைகளில் மறுபடியும் ரத்தத்தோடு கலக்கிறது. ரத்தத்தைத் தள்ளுவதற்கு இருதயம் இருக்கிறது. மனிதனுடைய நிணநீரைத் தள்ளுவதற்கென்று அப்படியோர் உறுப்பு இல்லை. நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் தசைகள் பிசைவதாலும், குழாய்ச் சுவர்கள் தாமே சுருங்கி விரிவதாலும், பின்னோக்கி ஓடாதபடி தடுக்கும் வால்வுகளின் உதவியாலுமே அது மெல்ல மெல்ல மேலேறுகிறது. அவ்வாறு ஏறும் வழியில் கழுத்திலும், அக்குளிலும், தொடையிடுக்கிலும், மார்புக்குள்ளும், குடலைத் தாங்கும் சவ்விலுமாக ஏறத்தாழ 600 நிணநீர்க் கணுக்கள் அமைந்திருக்கின்றன. கொல்லிமலையின் சிற்றூர்கள் பலவற்றிலிருந்தும் ஒற்றையடிப் பாதைகள் வந்து கூடுகிற சோளக்காட்டுச் சந்தையிலே, எந்த ஊரில் எது விளைந்தது, எங்கே யாருக்கு என்ன நேர்ந்தது என்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரிந்துவிடுவதைப்போல, ஒரு கணுவிலே அதைச் சுற்றியுள்ள பிரதேசம் முழுவதன் செய்தியும் வந்து சேருகிறது. நிணநீர் கொண்டுவரும் குழாய்கள் பலவாக உள்ளே நுழைய, வெளியேறும் குழாயோ பெரும்பாலும் ஒன்றிரண்டாகவே இருக்கிறது.

இந்தக் கணுக்களில் நிறைந்திருக்கும் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்பது 1950களின் இறுதிவரையில் பெரிய புதிராகவே இருந்தது. மார்பிலுள்ள பெருநிணநீர்க் குழாய் வழியாக நாள்தோறும் எண்ணற்ற அணுக்கள் ரத்தத்தில் வந்து கொட்டியும் ரத்தத்தில் அவற்றின் தொகை பெருகாதிருப்பதைக் கண்டவர்களுள் பலர், அவை பிறந்த சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும் அற்பாயுள் அணுக்கள் என்று கருதினார்கள். ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், எலிகளின் நிணநீரிலிருந்து எடுத்த அணுக்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு மீண்டும் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தபோது, அதே அணுக்கள் நிணநீரில் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் கண்டார். 1959ஆம் ஆண்டிலும் 1964ஆம் ஆண்டிலும் வெளியான அவருடைய ஆராய்ச்சிகளால், லிம்போசைட்டுகள் ரத்தத்திலிருந்து கணுவுக்கும், கணுவிலிருந்து நிணநீருக்கும், நிணநீரிலிருந்து மறுபடியும் ரத்தத்துக்குமாக வாழ்நாள் முழுவதும் சுற்றிவருபவை என்பது நிலைநாட்டப்பட்டது. ஒரு மனிதனுடைய உடலிலுள்ள லிம்போசைட்டுகளில் எந்தக் கணத்திலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவை நூற்றுக்குச் சுமார் இரண்டே. மற்றவை அனைத்தும் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடலிலும் பிற திசுக்களிலும் தங்கிக்கொண்டோ கடந்துகொண்டோ இருக்கின்றன.

இவ்வாறு சுற்றிவரும் அணுக்களுள் டி அணுக்கள் எனப்படுபவை, மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுபவை. எந்தக் கிருமி எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாத காரணத்தால், அங்கே இயற்கை அணுக்களின் மேல் அந்நியத் துணுக்குகளைப் பற்றும் ஏற்பிகளைக் கோடிக்கணக்கான வடிவங்களில் கண்மூடித்தனமாகச் சிருஷ்டிக்கிறது. அவற்றுள் நம்முடைய சொந்தத் திசுக்களையே பற்றிக்கொள்ளக்கூடிய ஏற்பிகளும் தவிர்க்கமுடியாமல் தோன்றிவிடுகின்றன. அத்தகைய அணுக்களில் பெரும்பாலானவற்றைத் தைமஸே அழித்துவிடுகிறதென்றாலும், சில தப்பித்து வெளியே வந்துவிடுகின்றன என்பது ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்தை ஆராய்ந்தாலே தெரியவரும். அப்படியானால், நாம் ஒவ்வொருவரும் நம்முடைய அணுக்களாலேயே தாக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம் யாது?

இதற்கு விடையின் முதற்கீற்று ஜப்பானில் தோன்றியது. நகோயாவில் நிஷிசுகா, சகாகுரா என்ற இருவர், பிறந்து மூன்று நாளான பெண் சுண்டெலிகளின் தைமஸை அகற்றியபோது அவற்றின் சூலகங்கள் சிதைந்ததை 1969ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து அகற்றினால் இந்தக் கேடு விளைவதில்லை. டி அணுக்கள் முதிரும் இடத்தையே எடுத்துவிட்டால் தாக்கும் சக்தி குறையவேண்டுமேயல்லாது கூடக்கூடாது. கூடியதென்றால், மூன்றாம் நாளுக்குப் பின்னரே தைமஸிலிருந்து வெளிவருகிற, தாக்குதலை அடக்குகிற வேறொரு வகை அணு இருக்கவேண்டும் என்பது பின்னால் தெளிவாயிற்று. 1970ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கெர்ஷனும் அவருடைய சகாவான கோண்டோவும் அடக்கும் டி அணுக்கள் உண்டு என்று அறிவித்து, அந்தக் கொள்கை பத்தாண்டுகளுக்கு மேல் ஆரவாரமாகப் பேசப்பட்டது; ஆனால் அதற்கு ஆதாரமாகக் கூறப்பட்ட ஜீன் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்பது எண்பதுகளில் புலப்பட்டதும், அந்தத் துறையே பரிகாசத்துக்கு இடமாகி, 'அடக்கும் அணு' என்ற பேச்சை எடுப்பவருக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைப்பதும் அரிதாயிற்று.

அந்த இகழ்ச்சிக் காலத்திலும் விடாப்பிடியாக உழைத்த சகாகுச்சி, 1995ஆம் ஆண்டில், சி.டி.25 என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் தாங்கிய ஒரு சிறு கூட்டம்தான் அந்த அடக்கும் சக்தியை உடையது என்று காட்டினார். உதவி செய்யும் டி அணுக்கள் எனப்படும் வகையில் அவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையிலேயே இருக்கும். ஆயினும் அவற்றை நீக்கிவிட்ட அணுத்தொகுதியைப் பெற்ற சுண்டெலிகளுக்கு வயிறு, தைராய்டு, கணையம் முதலிய பல உறுப்புகளில் தற்றாக்கு நோய் தோன்றியது. ஆறு ஆண்டுகளுக்குப்பின், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிறிய மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் வேறொரு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1940களில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் தானாகத் தோன்றிய ஒரு சுண்டெலி வம்சத்தில், ஆண் குட்டிகள் தோல் செதிலாகி, கணுக்களும் மண்ணீரலும் பெருத்து, சில வாரங்களில் மடிந்துபோவது வழக்கம். அதற்குக் காரணமான குறை எந்த ஜீனில் இருக்கிறதென்று இருபது ஜீன்களை ஒவ்வொன்றாகச் சோதித்துவந்த அவர்கள், கடைசியான இருபதாவதில் அதைக் கண்டுபிடித்தார்கள். ஃபாக்ஸ்பி-3 என்று பெயர்பெற்ற அந்த ஜீன் கெட்டுப்போன ஆண் குழந்தைகளுக்கும் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவும் ஓயாத வயிற்றுப்போக்கும் தோல் அழற்சியும் வருகின்றன என்பதும் 2001ஆம் ஆண்டில் தெரியவந்தது. 2003ஆம் ஆண்டில், சகாகுச்சியின் அணுக்களை அடக்கும் அணுக்களாக்குவது இந்த ஜீனே என்று உறுதிப்பட்டது. ஒழுங்காற்று டி அணுக்கள் என்று இன்று வழங்கப்படுபவை இவையே.

இவை எவ்வாறு அடக்குகின்றன என்பதைவிட, எங்கே நின்று அடக்குகின்றன என்பதே கடந்த இருபது ஆண்டுகளின் ஆராய்ச்சியில் முதன்மை பெற்றது. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அணு கணுவுக்குள் நுழைய வேண்டுமானால், கணுவின் உள்ளேயுள்ள ஒரு தனிவகைச் சிற்றிரத்தக் குழாயின் வழியாகத்தான் நுழைய முடியும். சாதாரண நாளங்களின் உட்சுவர் தட்டையான செல்களால் ஆனது; இந்தக் குழாய்களின் உட்சுவரோ தடித்து உயர்ந்த செல்களால் ஆனது. அணுவின் மேலுள்ள எல்-செலெக்டின் என்ற புரதம் அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டு விடுவதால் அணுவின் ஓட்டம் முதலில் தளர்கிறது; சுவரிலே படிந்திருக்கும் கீமோகைன் என்னும் ஈர்ப்புப் பொருளை அணுவின் சி.சி.ஆர்.7 என்ற ஏற்பி உணர்ந்ததும் அணு கெட்டியாக ஒட்டி நிற்கிறது. பிறகு செல்களின் இடையே நெருக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. சி.சி.ஆர்.7 இல்லாத ஒழுங்காற்று அணுக்களை உண்டாக்கிப் பார்த்தவர்கள் 2007ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டார்கள்: சோதனைக் கண்ணாடிக் குழாயில் அவற்றின் அடக்கும் ஆற்றல் குறைவுபடவில்லை, ஆனால் உடலுக்குள், கணுவில் நடக்கும் கிளர்ச்சியை அவற்றால் அடக்க இயலவில்லை. ஆற்றல் இருந்தும் உரிய இடத்துக்குப் போகமுடியாத அணு, இல்லாத அணுவுக்கே சமம் என்பது அதனால் வெளிப்பட்டது.

கணுவினுள்ளே என்ன நடக்கிறதென்பதை உயிருள்ள திசுவிலேயே கண்ணால் காணும் வசதி 2002ஆம் ஆண்டில் வந்தது. கலிபோர்னியாவின் அர்வைன் நகரில் மார்க் மில்லர், இயான் பார்க்கர், மைக்கேல் கஹலன் ஆகியோர், திசுவின் ஆழத்தைக் காட்டக்கூடிய லேசர் நுண்ணோக்கியால் பார்த்தபோது, டி அணுக்கள் நிமிஷத்துக்குச் சுமார் பத்து மைக்ரான், அதாவது ஏறக்குறையத் தம் உடல் நீளமளவு, திசை ஏதும் குறிக்காமல் இங்குமங்கும் நகர்ந்துகொண்டே இருப்பதைக் கண்டார்கள். அவை நகர்வது வீணாக அன்று. தோலிலிருந்தோ குடலிலிருந்தோ நிணநீர் வழியே வந்து கணுவில் தங்கியிருக்கும் டெண்ட்ரிடிக் அணுக்கள், தாம் விழுங்கிய பொருள்களின் துணுக்குகளைக் கிளைக்கரங்களில் ஏந்தி நிற்கின்றன. தனக்குப் பொருந்தும் துணுக்கைக் காணும் டி அணு அங்கேயே நின்று, பெருகி, போருக்கு ஆயத்தமாகிறது. 2006ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் சீஜீ டாங்கும் ஜெப்ரி புளூஸ்டோனும், நீரிழிவு வரக்கூடிய சுண்டெலியின் கணையத்தருகிலுள்ள கணுவில் இதே காட்சியை நோக்கினார்கள். ஒழுங்காற்று அணுக்கள் இல்லாதபோது, கணையத்தைத் தாக்கவல்ல அணுக்கள் டெண்ட்ரிடிக் அணுக்களிடம் நெடுநேரம் ஒட்டி நின்றன. ஒழுங்காற்று அணுக்கள் முன்னதாகவே அவ்விடத்தைப் பற்றிக்கொண்டிருந்தபோது, தாக்கும் அணுக்கள் நிற்க இடமின்றி நகர்ந்து போய்க்கொண்டேயிருந்தன.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரொனால்ட் ஜெர்மெய்னின் குழுவினர் 2015ஆம் ஆண்டில் கண்டது அதனினும் வியப்பானது. நோய் ஏதுமற்ற சுண்டெலியின் கணுக்களிலும்கூட, சொந்தத் திசுவின் துணுக்கைக் கண்டு கிளர்ந்தெழும் டி அணுக்கள் எப்போதும் சில இருந்துகொண்டே இருக்கின்றன. அவ்வாறு கிளர்ந்த அணு பெருகுவதற்குத் தானே சுரக்கும் இன்டர்லூக்கின்-2 என்னும் பொருளை உணர்ந்து, ஒழுங்காற்று அணுக்கள் அதைச் சுற்றிக் குழுமி, சுரந்ததைச் சுரந்தவுடன் உறிஞ்சிவிடுகின்றன. சகாகுச்சி அடையாளமாகக் கொண்ட சி.டி.25 என்பது இந்த இன்டர்லூக்கினைப் பற்றும் ஏற்பியே. ஆகவே, நாம் ஆரோக்கியமென்று சொல்லும் நிலை கலகமே இல்லாத நிலையன்று. கலகம் எழும் இடத்திலேயே, எழுந்த மாத்திரத்தில், அது தணிக்கப்படுகிற நிலையாகும்.

கணுவில் தன் வேலை முடிந்த அணு வெளியேறுவதற்கும் ஒரு நியதி இருக்கிறது. ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்னும் கொழுப்புப் பொருள் ரத்தத்திலும் நிணநீரிலும் மிகுதியாகவும், கணுவின் உட்பகுதியில் சொற்பமாகவும் இருப்பதால், அதை உணரும் ஏற்பியைத் தாங்கிய அணு, பொருள் மிகுந்த திசையை நோக்கி வெளியேறும் குழாயை அடைகிறது. கிளர்ச்சியடைந்த அணு அந்த ஏற்பியைச் சில நாட்கள் உள்ளிழுத்துக்கொள்வதால், பெருகி முடியும்வரை கணுவிலேயே தங்குகிறது. நெறி கட்டுவதற்கு இந்தத் தங்கலும் ஒரு காரணம். ஒரு காளானிலிருந்து பெறப்பட்ட பொருளை ஆதாரமாகக் கொண்டு செய்யப்பட்ட பிங்கோலிமோட் என்னும் மருந்து இந்த வெளியேறும் வழியை அடைத்து, தாக்கும் அணுக்களைக் கணுக்களுக்குள்ளேயே தேக்கிவைப்பதன் மூலம் நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைத் தணிக்கிறது. 2010 முதல் அது மருத்துவர்களின் கையில் இருக்கிறது.

எல்லா ஒழுங்காற்று அணுக்களும் ஒரே வழியில் சஞ்சரிப்பவை அல்ல. ஒரு வகுப்பினர் கணுவுக்குக் கணு சுற்றிவருபவர். கிளர்ச்சியில் பங்குகொண்டபின் எல்-செலெக்டினை உதிர்த்துவிட்டுத் திசுக்களை நாடிப் போகிறவர்கள் மற்றொரு வகுப்பினர். குடலைச் சார்ந்த கணுவிலுள்ள டெண்ட்ரிடிக் அணுக்கள், நாம் உண்ணும் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தைச் செய்து, தம்மிடம் வந்த அணுக்களுக்குக் குடலைச் சென்றடைவதற்குரிய ஏற்பிகளை உண்டாக்கிவிடுகின்றன. உண்ணும் சோற்றையும் குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களையும் உடல் பகைமை பாராட்டாதிருப்பதற்கு அவ்வாறு செல்லும் ஒழுங்காற்று அணுக்களே பெரிதும் காரணம். எதிர்ப்பொருள்களைச் செய்யும் பி அணுக்கள் பெருகுகிற உட்பகுதி கணுவிலே தனியாக இருக்கிறது. அதற்குள் நுழையும் ஏற்பியைப் பெற்ற ஒழுங்காற்று அணுக்கள் உண்டென்பதும், அவை எதிர்ப்பொருள் உற்பத்தியை அளவுபடுத்துகின்றன என்பதும் 2011ஆம் ஆண்டில் ஒரே சமயத்தில் பல குழுக்களால் கண்டறியப்பட்டன. வயிற்றுக் கொழுப்பிலே குடிகொண்டு அதன் அழற்சியைத் தணிக்கும் மற்றொரு வகையையும் அதற்கு இரண்டாண்டு முன்னரே கண்டிருந்தார்கள்.

திசுவுக்குச் சென்றவை அங்கேயே முடிந்துபோகின்றனவா என்ற வினாவுக்கும் பதில் உண்டு. கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திட்டுகளை வேறொரு சுண்டெலிக்கு மாற்றிவைத்து நியூயார்க்கில் நடத்தப்பட்ட ஆராய்ச்சியில், ஒழுங்காற்று அணுக்கள் முதலில் ஒட்டுத் திசுவுக்குச் சென்று, அங்கே விழிப்புற்று, பிறகு நிணநீர் வழியாக அருகிலுள்ள கணுவை அடைந்தால்தான் ஒட்டு நிலைத்தது என்பதும், இவ்விரண்டு பயணங்களில் எதைத் தடுத்தாலும் ஒட்டு தள்ளப்பட்டது என்பதும் 2009இல் வெளியாயின. மறு ஆண்டில் கியோட்டோவில், ஒளி பட்டால் பச்சையிலிருந்து சிவப்பாக நிறம் மாறும் புரதத்தைக் கொண்ட சுண்டெலிகளின் தோலில் ஒளியைப் பாய்ச்சி, நிறம் மாறிய அணுக்களைப் பின்தொடர்ந்தார்கள். தோலில் அழற்சி எழுந்தபோது அங்கிருந்து கணுவுக்குத் திரும்பிய டி அணுக்களில் பெரும்பான்மையானவை ஒழுங்காற்று அணுக்களே என்று தெரிந்தது. புண்ணைக் கண்டு வந்த அனுபவம் கணுவிலே அடக்கத்தை நிலைநாட்டப் பயன்படுகிறது.

இவ்வளவும் சுண்டெலிகளின் கதையென்று தமிழ்நாட்டு வாசகர் ஒதுக்கிவிடலாகாது. மனிதரிடத்தில் இந்த அணுக்களின் வலிமையை விளக்கிய ஆராய்ச்சிகளில் குறிப்பிடத்தக்க சில சென்னையிலேயே நடந்தவை. கும்பகோணத்தின் பெயரோடு ஒரு காலத்தில் இணைத்துப் பேசப்பட்ட யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு, நூலிழைபோல் மெலிந்தும் பெண்புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீண்டும், நிணநீர்க் குழாய்களுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வாழ்வது. மனித ரத்தத்தில் அதன் குஞ்சுகளை 1872ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கண்டவர் திமோதி லூயிஸ். கொசு அவற்றை உறிஞ்சி வளர்க்கிறதென்று 1877இல் சீனத்தில் கண்டவர் பாட்ரிக் மான்சன். உடலின் காவல் அணுக்கள் நிமிஷந்தோறும் கடந்து செல்கிற அதே குழாயில் இத்தனை நீண்ட அந்நிய ஜீவன் எவ்வாறு ஆண்டுக்கணக்கில் சுகமாக வாழ்கிறது என்பதும், கொசுக்கடிக்கு ஒரேமாதிரி உள்ளாகும் ஒரே தெருவில் ஒருவர் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைச் சுமந்தும் வீக்கமின்றி நடமாட, மற்றொருவரின் கால் ஏன் தூணாகப் பருக்கிறது என்பதும் நெடுநாள் விளங்காதிருந்தன.

1956ஆம் ஆண்டில் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சிக்கென்று சென்னையில் நிறுவப்பட்டு, இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் ஸ்தாபனத்தில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தோடு கூடி, சுபாஷ் பாபு, வி. குமாரசாமி, தாமஸ் நட்மன் ஆகியோர் இக்கேள்விகளை ஆராய்ந்தார்கள். குஞ்சுகளைச் சுமந்தும் நோயின்றி இருப்பவர்களின் ரத்த அணுக்களை உயிருள்ள புழுக்குஞ்சுகளோடு சேர்த்தபோது, தாக்கும் அணுக்களின் செயல் மங்கி, ஃபாக்ஸ்பி-3 முதலிய அடக்குதலின் அடையாளங்கள் ஓங்கி நின்றன. அடக்கும் பொருள்கள் சிலவற்றைத் தடுத்துவிட்டால் தாக்கும் ஆற்றல் ஓரளவு திரும்பியது. இது 2006இல் வெளிவந்த முடிவு. கால் வீங்கியவர்களிடத்திலோ, 2009இல் வெளியான ஆராய்ச்சியின்படி, புழுவின் துணுக்கைக் கண்டதும் அழற்சி அணுக்கள் கடுமையாகக் கிளர்ந்தெழ, ஒழுங்காற்று அணுக்களுக்குரிய அடையாளங்கள் குன்றியிருந்தன. அடக்கம் மிகுந்தால் புழு நிம்மதியாக வாழ்கிறது. அடக்கம் குன்றினால் அழற்சியே நிணநீர்க் குழாய்களைச் சிதைத்துக் காலைப் பருக்கச் செய்கிறது. ஆனால் இவ்வாராய்ச்சிகள் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் செய்யப்பட்டவை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு லிம்போசைட்டுகள் ரத்தத்துக்கு வெளியே இருக்கின்றன என்பதையும், நடப்பின் முக்கிய அரங்கம் நிணநீர்க் குழாயும் கணுவுமே என்பதையும் மனத்தில் வைத்தே இவற்றின் முடிவுகளை வாசிக்கவேண்டும்.

இந்த அடக்கத்தின் விளைவு புழுவோடு நின்றுவிடுவதில்லை. யானைக்கால் புழுவைச் சுமப்பவர்களிடம், மறைந்திருக்கும் காசநோய்க் கிருமியை எதிர்க்கும் அணுக்களின் ஊக்கமும் தணிந்திருப்பதாக அதே நிறுவனம் 2009இல் அறிவித்தது. மறுபுறம், சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்கில், நீரிழிவு இல்லாதவர்களிடையே நூற்றுக்குச் சுமார் பத்துப் பேரிடம் யானைக்கால் புழுவின் தடயம் காணப்பட, நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுகிறவர்களிடையே அது நான்கு பேருக்குச் சற்று மேற்பட்ட அளவே இருந்தது. புழு வளர்க்கும் அடக்கம் நீரிழிவின் அழற்சியையும் தணிக்கிறதோ என்ற ஐயத்தை இது எழுப்பியது. இரண்டும் ஒன்றாகக் காணப்படுவது ஒன்று மற்றொன்றுக்குக் காரணமென்பதற்குப் போதிய சான்று ஆகாது. ஆயினும் ஸ்காட்லாந்தில் ரிக் மெய்செல்ஸின் குழுவினர், சுண்டெலிக் குடற்புழு ஒன்று ஒழுங்காற்று அணுக்களை உண்டாக்கும் புரதமொன்றைத் தானே சுரக்கிறதென்று 2017இல் நிரூபித்தது அந்த ஐயத்துக்குப் பலம் தருகிறது.

மலைநாட்டு மக்களுக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை இருக்கவேண்டும். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து, ரத்தமும் நிணநீரும் ஓடும் வழிகளில் ஏறி, நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு வந்து விழுங்கப்பட்டு, குடலில் தங்கி ரத்தம் குடிக்கிறது. கொல்லிமலையில் வாழ்வோரைப்போல மலையாளி என்னும் பெயருடைய பழங்குடியினரே வாழ்கிற ஜவ்வாது மலையில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் சோதித்து 2013இல் வெளியிட்டபடி, பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வரிடம் இப்புழு இருந்தது. புழு நம் அடக்கும் அணுக்களைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டால் நீரிழிவுக்கு நல்லதாயிற்றே என்று அதை வளர்க்க எவரும் எண்ணவேண்டாம்; சோகையால் வெளிறிய தாய்மாரும் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் அதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது. விஞ்ஞானம் விரும்புவது புழுவையன்று, அது கற்றுவைத்திருக்கும் உபாயத்தை.

அந்த உபாயம் இப்போது மெல்ல மருத்துவமாகிவருகிறது. தற்றாக்கு நோயாளிகளுக்கும் உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கும், அவர்களுடைய ஒழுங்காற்று அணுக்களையே வெளியே எடுத்துப் பெருக்கித் திருப்பிச் செலுத்துவதும், குறைந்த அளவு இன்டர்லூக்கின்-2 கொடுத்து அவற்றை உடலிலேயே ஊக்குவதும் பல நாடுகளில் சோதிக்கப்பட்டு வருகின்றன. புற்றுநோயிலோ, கட்டிக்குள் புகுந்து அதைப் பாதுகாக்கிற இவ்வணுக்களை விலக்குவதே நோக்கம். ஓர் இடத்தில் கூட்டவும் வேறோர் இடத்தில் குறைக்கவும் வேண்டியிருப்பதால், அணுக்களின் தொகையை மட்டும் மாற்றுகிற மருந்து பாதி மருந்தே. அவற்றைக் கணுவுக்கோ கணையத்துக்கோ உரிய வழியில் அனுப்பத் தெரிந்த மருந்தே முழு மருந்து.

எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவதாகச் சொல்லிக்கொண்டு லேகியமும் கஷாயமும் மாவுப் பொடியும் இன்று வீதிதோறும் விற்பனையாகின்றன. பெருகுவது எந்த அணு, அது எந்தக் கணுவுக்குப் போகும், அதை அடக்கும் அணுவும் கூடவே பெருகுமா என்று கேட்டால், விற்பவரிடம் பதில் இராது. வாசகர்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, வயலுக்குப் போகும்போது காலுக்கு ஒரு செருப்பு வாங்கிக்கொள்ளட்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அரசு கொடுக்கும் குடற்புழு மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்குகிறார்களா என்று பார்க்கட்டும். யானைக்கால் தடுப்பு மாத்திரை தங்கள் ஊருக்கு வரும்போது, வீக்கம் இல்லையே என்று ஒதுங்காமல் வாங்கி உண்ணட்டும். வீக்கமில்லாதவரே புழுவைச் சுமப்பவராக இருக்கக்கூடும்.